தங்கச்சி பாதையை நேராக்கினாள்

பதுளைப் பல்கலைக்கழகத்தில் நான் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த அடுத்த வருடம், என் தங்கச்சியும் அதே ஆய்வுகூடத்துக்கு வந்தாள். அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் ஒரே காம்பராவில் வளர்ந்தவர்கள் நாங்கள். என் புத்தகத்தில் படித்தே என்னைவிட நல்ல புள்ளி வாங்கியவள் அவள்.

மழைக்குப் பிறகு தோட்டச் சரிவுகளில் மண்ணின் ஈரம் எப்படி ஏறி இறங்கும் என்று கணினிக்குக் கற்றுக்கொடுப்பது என் வேலை. ஈரம் ஒவ்வொரு கணமும் எந்த வேகத்தில் மாறுகிறது என்பதை நரம்பு வலையமைப்பு என்ற நிரல் பழைய அளவீடுகளிலிருந்து கற்கும். அந்த வேகத்தை வைத்து இன்னொரு நிரல் அடிமேல் அடி வைத்து நடந்து ஈரத்தைக் கணக்கிடும். ஆனால் கற்கக் கற்க என் வலையமைப்பு கோணல்மாணலாகப் பாதை போட்டது. பாதை நெளிந்தால் அடியைச் சுருக்கத்தான் வேண்டும். அடிகள் பெருகி, வலையமைப்பின் பயிற்சி நாள்கணக்கில் இழுத்தது. பலமான கணினி வேண்டுமென்று எங்கள் பேராசிரியர் சேரிடம் நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மதியம் சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி தங்கச்சி கேட்டாள்: "அக்கா, பிழ விட்டா மட்டுந்தானே வலையமைப்புக்குத் தண்டன குடுக்குறோம்? பாத நெளிஞ்சாலும் குடுத்துப் பாப்பமா?"

"அதெல்லாம் சரிவராது புள்ள."

அவள் செய்து பார்த்தாள். பாதை நேராகி, அடிகள் நீண்டன. காலையில் தொடங்கிய பயிற்சி சாயந்தரத் தேநீருக்குள் முடிந்துவிட்டது. சேர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். நானும் கைதட்டினேன். வயிறு எரிந்தது.

அந்த வாரம் வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலிலேயே கேட்டார்: "சின்னவ ஒன் வேலய லேசாக்கிட்டாளாமே?"

"ஆமாப்பா" என்று உள்ளே போய்விட்டேன்.

அதன்பின் அவள் முறையில் ஓட்டை தேடுவதே என் வேலையாயிற்று. கிடைக்கவும் செய்தது. அடைமழையில் மண்ணின் ஈரம் சுவர்போல் எழும். அவளுடைய கணிப்போ, வளைவுக்குப் பயந்து, மெல்லச் சாய்ந்து ஏறியது. மண்சரிவை முன்கூட்டிச் சொல்ல முக்கியமான நேரமே அதுதான். பல மாதங்களாக நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அவளும் இருக்கும்போதே சேர் முன்னால் வைத்துக் காட்டினேன். அதற்கான தீர்வையும் யோசித்து வைத்திருந்தேன். கடைசியில் சொல்வதாக எண்ணம்.

தங்கச்சி திரையைக் குனிந்து பார்த்தாள். "அட, ஆமா! மழ தொடங்குற எடத்துல நிப்பாட்டி, அங்கருந்து புதுசா நடக்க வெச்சா சரிதானே? அக்கா பாக்கலன்னா நான் இத விட்டிருப்பேன்."

நான் சொல்லவிருந்ததும் அதுவேதான்.

அது சரியாக வேலை செய்தது. கட்டுரையில் அவள் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவதாக வந்தது. வெளிநாட்டு மாநாட்டுக்கு அவள் போனாள். பதுளை ஸ்டேஷனில் அவள் பையைத் தூக்கி ரயிலில் வைத்தது நான்.

"நீயும் வந்திருக்கலாம்க்கா" என்றாள். நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

இப்போது புது மாணவர்களுக்கு அந்த முறையைச் சொல்லிக்கொடுப்பது நான்தான். நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறேன். யார் கண்டுபிடித்தது என்று எவராவது கேட்டால் மட்டும், பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.