முழுப் புள்ளி பெற்ற பதில்

யட்டியாந்தோட்டைக்கு மேலேயுள்ள ரப்பர் தோட்டமொன்றில் கணினி வகுப்பு நடத்துகிறேன். குடும்ப வன்முறையைத் தடுப்பது பற்றிய வீடியோ கேம் ஒன்று சீடியில் எங்களுக்கு வந்தது. அதில் அப்பா அம்மாவை அடிக்கிறார். மகள் என்ன செய்யலாம் என்று பிள்ளைகள் தெரிவு செய்ய வேண்டும். நம்பிக்கையான பெரியவரிடம் சொன்னால் முழுப் புள்ளி.

"நம்ம தோட்டத்துல யாருகிட்ட டீச்சர் சொல்றது?" என்று கேட்டாள் பதினான்கு வயது செல்வி.

"தலைவர்கிட்டதான்" என்றேன். தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயங்களில் எந்த வீட்டுச் சண்டையும் தொழிற்சங்கத் தலைவரிடம்தான் போகும்.

"அவரே சம்சாரத்துக்குப் பயந்தவரு டீச்சர்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தோம்.

தன் அப்பா அம்மாவை அடிப்பதைச் செல்வி தலைவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். தலைவர் வழக்கம்போல அவளுடைய அப்பாவைக் கோயிலுக்கு முன்னால் கூப்பிட்டு, எல்லோரும் பார்க்க விசாரித்தார். "பெத்த புள்ளையே வந்து சொல்ற மாதிரியாப்பா நடந்துக்குவ?" என்றார். அப்பா மன்னிப்புக் கேட்டார். அன்று மாலை செல்வியின் அம்மாவுக்குக் கை முறிந்தது.

ஆஸ்பத்திரியில் செல்வி என்னைக் கோபிக்கவில்லை. "கேம்ல சொன்னதோட முடிஞ்சிருது டீச்சர். நாங்க அதுக்கப்புறம் வீட்டுக்குப் போகணும்ல" என்றாள்.

இப்போது புள்ளி வந்ததும் கேமை நிறுத்தி, "இவ வீட்டுக்குப் போனா என்ன நடக்கும்?" என்று கேட்கிறேன். பச்சைப்பிள்ளைகளின் எடை பார்க்க லயத்துக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் தனியாகச் சொல்லும்படி பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அவர் எல்லா வீட்டுக்கும் போகிறவர். யார் வாய் திறந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கை முறிந்த பிறகுதான் எனக்கு அவருடைய நினைவு வந்தது.