கனகலட்சுமி ஏற மறுத்த கார்

ராஜபாளையத்திலிருந்து வத்திராயிருப்புக்கு ஒரே நேரத்தில் கிளம்பி, ஆளுக்கொரு வண்டியில் போய்ச் சேரும் புருஷன் பெண்டாட்டி உண்டென்றால் அது ஓய்வுபெற்ற ஹவில்தார் கண்ணுச்சாமியும் கனகலட்சுமியும்தான். அவர் தன்னுடைய பழைய அம்பாசடரில் போவார், அவள் பஸ்ஸில் போவாள். முகத்துப் பவுடர் கலையாமல் அவள் இறங்குவாள். இவர் முழங்கால் வரை வெந்துபோய்ப் பின்னால் வந்து சேருவார். கொழுந்தியாள் வீட்டில் முதல் செம்பு மோர் இவருக்குத்தான் வரும். மரியாதைக்காக என்று அவர் நினைத்துக்கொள்வார்.

இன்ஜின் சூடு காருக்குள் வந்தது, அவ்வளவுதான் விஷயம். முன்சீட்டில் உட்கார்ந்தால் பாதத்தில் அனல் அடித்தது. "காலைக் கொண்டுபோயி அடுப்புக்குள்ள வச்சுக்கிட்டு எவ உக்காருவா? சூடு நிக்கட்டும், பொறவு ஏறுறேன்" என்று கனகலட்சுமி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

கண்ணுச்சாமிக்கு அது சாதாரண அடி இல்லை. அவர் பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் கைப்பிள்ளையும் மூட்டையுமாக அவள் தனியாகத்தான் பஸ் ஏறி இறங்கினாள். லீவில் வரும்போதெல்லாம், "பென்ஷன் வாங்கிட்டு வந்து கார் வாங்குதேன், நீ முன்சீட்டுல உக்காந்து வா" என்று சொல்லிவிட்டுப் போவார். கார் வந்துவிட்டது. முன்சீட்டில் அவருடைய துண்டுதான் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஊருக்கு அவர் பட்டாளத்து மெக்கானிக். ராணுவ ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தது நிஜம். ஸ்டோரில் உட்கார்ந்து நட்டும் வாஷரும் எடுத்துக் கொடுத்தார் என்பது மீதி நிஜம். மீதியை ஊர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கார் வாங்கிய புதிதில் இன்ஜின் சூடேறியபோது, தெரிந்த வித்தையைக் காட்டினார். பானெட்டின் பின்பக்கக் கீல்களுக்கு அடியில் தடித்த வாஷர்களைக் கொடுத்து, முன்கண்ணாடிப் பக்கம் விரல் நுழையும் அளவுக்குத் தூக்கிவிட்டார். சூடு அந்த இடுக்கு வழியாகப் பறந்துவிடும் என்பது அவர் கணக்கு. மாந்தோப்பு சோலைராஜ், தன்னுடைய அம்பாசடருக்கும் அதே வைத்தியம் பார்க்கச் சொல்லி, டீயும் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது உள்ளே வரும் அனலை அடைக்க வேண்டும். இன்ஜினுக்கும் ஆளுக்கும் நடுவே நிற்கும் தகட்டில் வயர் போக, பெடல் போக என்று ஏகப்பட்ட ஓட்டைகள். பேண்டேஜ் துணி நெய்கிற ராஜபாளையத்துப் பக்கம் அதற்குப் பஞ்சமா? சுருள் சுருளாக வாங்கிவந்து, பசையில் நனைத்து, கண்ட ஓட்டையிலெல்லாம் திணித்தார். பானெட்டைத் திறந்து பார்த்த கனகலட்சுமி, "எந்த ஆஸ்பத்திரில சேத்திருக்கீக?" என்று கேட்டாள்.

அடைப்பு சரிதானா என்று பார்க்க, சாம்பிராணிச் சட்டியை இன்ஜின் பக்கம் வைத்து, பானெட்டை மூடி, காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். புகை வெளியேதான் சுற்றியது, உள்ளே ஓர் இழைகூட வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அவர் மீசையைத் தடவிய நேரத்தில், எதிர்வீட்டு முனீஸ்வரி, "ஐயையோ, ஹவில்தாரு உள்ளுக்குள்ள இருக்காரு!" என்று அலறிக்கொண்டு ஒரு குடம் தண்ணீரைப் பானெட்டின் மேல் கவிழ்த்தாள்.

மறுநாள் கனகலட்சுமியை அழைத்து உட்காரவைத்தார். ஊர் எல்லை தாண்டி வேகம் பிடித்ததும் அவள் காலைத் தூக்கிச் சீட்டில் மடக்கிக்கொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பாதி வழியில், "வண்டிய நிப்பாட்டுங்க" என்றாள். இறங்கினாள். பின்னால் வந்த பஸ்ஸுக்குக் கையைக் காட்டி ஏறிவிட்டாள்.

பஸ் போன திசையைப் பார்த்தபடி அவர் காரைக் கிளப்பினார். அப்போதுதான் அதைக் கண்டார். ஒழுங்காக ஒட்டாத பேண்டேஜ் துணி ஒன்று, அவர் தூக்கிவிட்ட இடுக்கு வழியாக வெளியே தலையை நீட்டியது. வேகம் கூடக்கூட அது மேலே பறக்கவில்லை. பின்னால் படுத்து, கண்ணாடிக்குக் கீழே காருக்குள் காற்று வருவதற்கென்று இருக்கும் வாய்க்குள் தலையை நுழைத்துக்கொண்டது. காரை ஓரங்கட்டி, இறங்கி, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இடுக்கில் கிளம்பும் அனல் நேரே அந்த வாய்க்குள் போகிறது. ஓடும்போது அடிக்கும் காற்றுதான் அதை உள்ளே தள்ளுகிறது; நின்ற வண்டியில் புகை வராததும் அதனால்தான். இத்தனை நாளும் அவள் காலைச் சுட்டது இன்ஜின் இல்லை, இவர் போட்ட வாஷர். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் வாஷர்களைக் கழற்றி, பானெட்டைப் படிய வைத்து, விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டினார். தனியாக ஒரு சுற்றுப் போய்வந்தார். கால் குளிர்ந்தது. மனசுதான் சுட்டது.

அடுத்த தடவை கனகலட்சுமி செருப்பைக் கழற்றாமல், பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். செத்த நேரம் கழித்துப் பாதத்தைத் தரையில் வைத்துப் பார்த்தாள். பொறவு செருப்பைக் கழற்றினாள்.

"என்னதான் கோளாறு?"

"அது ஒரு டெக்னிக்கல் விஷயம்" என்றார் கண்ணுச்சாமி. ஸ்ரீவில்லிபுத்தூர் நெருங்கும்போது டீக்கடையோரம் சோலைராஜின் அம்பாசடர் பானெட்டைத் தூக்கிக்கொண்டு நின்றது. சோலைராஜ் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக்கட்டி, பாதத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, செத்த நில்லுங்க! காலு வேகுது!" என்று கத்தினார். கண்ணுச்சாமி சாயங்காலம் வருவதாகச் சைகை காட்டிவிட்டு மிதித்தார்.

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. கிருஷ்ணன்கோவிலில் திரும்பியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் வச்ச வாஷர்தான் கனகு. வேற ஒரு மண்ணும் இல்ல" என்றார்.

திரும்பிப் பார்த்தார். பை மடியிலிருந்து நழுவிக் கீழே கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருக்க, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் அவள் ஒருநாளும் கண்ணசந்தவள் இல்லை. பிள்ளையைப் பார்க்க வேண்டும், மூட்டையைப் பார்க்க வேண்டும், இறங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். இத்தனை வருஷத்துத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்குகிறவளைப் பார்க்க அவருக்குக் கண் கலங்கியது.

வத்திராயிருப்பில் கொழுந்தியாள் வாசலில் செம்போடு நின்றாள். வண்டியை நிறுத்தினால் இவள் விழித்துவிடுவாள். கண்ணுச்சாமி மோரை வேண்டாமென்று கையசைத்துவிட்டு, கண்மாய்க்கரை வரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.