சங்கு ஊதும்வரை ஒரு தூக்கம்

தொழிற்சாலையில் மற்றவர்களுக்குக் கைக்குச் சம்பளம். இன்ஸ்பெக்டருக்குக் கண்ணுக்குச் சம்பளம். அந்தக் கண்ணோ மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வேலை நிறுத்தம் செய்துவிடும். ஒன்றரை மணிக்கு மேஜையில் தலை இடித்து விழித்தவர்களே, எண்பதுகளில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியும். பட்டாபிராமிலிருந்து ரயிலேறி வந்து, ஒரு சின்ன லேத் பட்டறையில், குழாய்த் துண்டு போன்ற இரும்பு புஷ்களைச் சரிபார்த்து அனுப்பும் இன்ஸ்பெக்டர் வேலை எனக்கு.

சிவப்பு முனை

புஷ்ஷின் துளையைப் பார்க்க ஒரு கேஜ் இருக்கும், விரல் நீள உருளை. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும். சிவப்பு பூசிய மறுமுனை போகக் கூடாது. போனால் துளை பெரிது, அந்தப் புஷ் ரிஜெக்ட். இவ்வளவுதான் என் தொழில் ரகசியம்.

ஒரு நாள் சாம்பார் சாதம், தயிர் சாதம் இரண்டையும் ஒரு கை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். எடுத்த புஷ் எதிலும் கேஜ் நுழையவில்லை. ஒரு தட்டு முழுவதையும் ரிஜெக்ட் என்று தள்ளிவிட்டேன். லேத் ஓட்டும் ஏழுமலை வந்து என் கையைப் பார்த்தான். அரைத் தூக்கத்தில் சிவப்பு முனையை நுழைத்துக்கொண்டிருந்தேன்.

“இன்னா சார், காலீல நல்லா ஓடிக்கினு இருந்த மிஷினு, நீ தயிர் சோறு துன்னதும் கெட்டுப்பூட்சா?”

திரும்பி வந்த பெட்டி

அது சிரிப்போடு போயிற்று. அடுத்தது அப்படிப் போகவில்லை. எங்களிடம் சரக்கு வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. உள்ளே பெரிய துளை போட்ட புஷ்கள், மேலே என் கையெழுத்து. மத்தியானம் பார்த்த சரக்கு என்பதைத் தேதிச் சீட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. என் வீட்டில் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் மெதுவாகச் சொன்னது இதுதான்.

“இன்னொரு பெட்டி திரும்பி வந்தா, அது வந்த வண்டியிலயே நீங்களும் கிளம்பிடலாம்.”

அட்டைப்பெட்டி மெத்தை

கண்ணோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது, சமாதானம்தான் வழி என்று தீர்மானித்தேன். பன்னிரண்டரைக்கு சாப்பாட்டு மணி. கால் மணி நேரத்தில் சாப்பாடு, அதுவும் அரை வயிறு. பிறகு பேக்கிங் அறையில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுத் தூக்கம். ஒரு மணிக்குப் பக்கத்துக் கம்பெனிச் சங்கு ஊதும், எழுந்துவிடுவேன்.

எழுந்தாலும் மண்டை கனத்தது. சரி, தெருமுனை வேப்பமரம் வரை நடந்து வரலாம் என்று கிளம்பினால், வேலை நேரத்தில் வெளியே போவதற்கு வாட்ச்மேன் முனுசாமி கேட் பாஸ் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். போகுமிடம்: எங்கேயும் இல்லை. காரணம்: நடை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்கியும் போவாததுக்கு இன்னாத்துக்கு சார் பாஸு?”

சங்கு ஊதாத நாள்

நான்கு மாதம் ஒரு பெட்டியும் திரும்பவில்லை. ஆனாலும் பெரிய கம்பெனிக்குச் சந்தேகம் தீரவில்லை, தங்கள் இன்ஸ்பெக்டரையே நேரில் அனுப்பியது. முதலாளி அவருக்கு ஓட்டலில் பிரியாணி வாங்கிக் கொடுத்து, ஒன்றேகாலுக்கு அழைத்து வந்தார். பக்கத்துக் கம்பெனிக்கு அன்று விடுமுறை, சங்கு ஊதவில்லை. கண் விழித்தபோது என் அட்டைப்பெட்டியைச் சுற்றி இரண்டு ஜோடி பளபளக்கும் ஷூக்கள்.

முதலாளி முகம் சிவந்துவிட்டது. “இவர்தான் உங்க இன்ஸ்பெக்டரா?” என்றார் வந்தவர். வேலை போயிற்று என்றே நினைத்தேன். போவது போகட்டும், இன்னொரு தப்பு மட்டும் செய்ய மாட்டேன் என்று ஒரு வீம்பு வந்தது. “சார், பத்து நிமிஷம் நடந்துட்டு வந்து, உங்க முன்னாடியே ஒரு தட்டு பார்க்கறேன்” என்றேன். முனுசாமி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாஸ் கேட்காமலே கேட்டைத் திறந்தார். திரும்பி வரும்வரை விருந்தாளி ஃபேனுக்கு அடியில் கண்கள் சொருக உட்கார்ந்திருந்தார்.

ஐம்பது புஷ் பார்த்தேன். நாற்பத்தேழு சரி, மூன்று ரிஜெக்ட். அவர் கேஜை வாங்கி எல்லாவற்றையும் மறுபடி பார்த்தார். “தலைகீழா இருக்கே! நீங்க ஒதுக்கின மூணுதான் சரி. பாஸ் பண்ணின நாற்பத்தேழும் ரிஜெக்ட்!” என்றார். முதலாளி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். தூரத்தில் ஏழுமலை வாயைப் பொத்திக்கொண்டான். நான் அவர் கையிலிருந்த கேஜை மெதுவாகத் திருப்பி வைத்தேன். அதுவரை அவர் நுழைத்தது சிவப்பு முனை.

நல்ல மனிதர். கேஜின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். நாற்பத்தேழுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு என் தோளில் தட்டினார். சொல்லவே வேண்டாம், எனக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. கிளம்பும்போது அவர் என் காதோடு கேட்டார்.

“அந்த அட்டைப்பெட்டியில இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமா சார்?”

புதிய விருந்தாளி

மறுநாள் எல்லோருக்கும் சாப்பாட்டு நேரத்தில் கால் மணி கூடியது. அந்த நேரத்தில் வெளியே நடக்கப் பாஸும் வேண்டாம் என்று முதலாளியின் உத்தரவு. கை கழுவிவிட்டுப் பேக்கிங் அறைக்குப் போனேன். வாசலிலேயே ஏழுமலை விரலை உதட்டில் வைத்து என்னை நிறுத்தினான். உள்ளே குறட்டைச் சத்தம்.

“சார், உன் எடத்துல மொதலாளி பட்த்துக்கினு கீறாரு. பாஸா, ரிஜெக்டா?”

இருபது வருடம் கண்ணைத் திறந்து வைத்திருந்ததற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வேலையைக் காப்பாற்றியதென்னவோ கண்ணை மூடிய அந்தக் கால் மணி நேரம்தான்.