தாலி அறுந்த திருநாள்

உபதேசியாராக நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த எனக்கு, மலாய் நாட்டில் நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அதுதான் முதல் அந்தோணியார் திருநாள். மேட்டுப்பாதையில் தேர் இறங்கிக்கொண்டிருந்தது. உருண்டுவிடாதபடி ஆண்கள் பின்னால் கயிறு பிடித்து வர, நான் முன்னால் செபமாலை சொல்லிப் போனேன். மனமெல்லாம் லயத்து வீட்டில் கடுங்காய்ச்சலாய்க் கிடந்த கங்காணி மேலேயே இருந்தது. அவர் மனைவியும் கூட்டத்தில் வந்தாள்.

திடீரென்று பின்னால் கூச்சல். “தாலி அறுந்துபோச்சு! தாலி அறுந்துபோச்சு லா!”

கங்காணி போய்விட்டார் என்றே நினைத்தேன். நடுவழியில் முழந்தாளிட்டு, கண்ணை மூடி, இறந்தவருக்கான செபத்தைத் தொடங்கிவிட்டேன். யாரோ என் சட்டையைப் பற்றி இழுத்துப் பள்ளத்தில் தள்ளினார். தேர் என்னை உரசிக்கொண்டு உருண்டு, ரப்பர் மரத்தில் மோதி நின்றது.

இழுத்தவர் மேளக்காரர். “கயித்தை மலாய்க்காரங்க தாலின்னுதான் சொல்லுவாங்க, எங்களுக்கும் அதே பழகிப்போச்சு. ஓடச் சொல்லிக் கத்துனா முட்டி போடுறீங்களே, ஐயா!” என்றார், மூச்சிரைக்க.

கங்காணி அந்த வாரமே எழுந்து நடமாடினார். என் செபத்தைப் பற்றி அவரிடம் யாரும் மூச்சுவிடவில்லை. நானோ, இப்போதெல்லாம் யார் என்ன கத்தினாலும் முதலில் வழியைவிட்டு ஒதுங்குகிறேன். அர்த்தம் கேட்பதும் செபம் சொல்வதும் அப்புறம்தான்.