தளவாய் ஒட்டிய சுவர்

விரலை மடக்கி மூன்று தட்டு. காதைச் சாய்த்து ஒரு கணம். பிறகு அடுத்த கல். செம்பூரில் எந்தத் தெருவில் போனாலும், முகப்பில் கல் ஒட்டிய வீடு கண்ணில் பட்டால் தளவாய் இப்படித்தான் நின்றுவிடுகிறார். ஒட்டியது யார் என்றெல்லாம் கவலை இல்லை. உள்ளேயிருந்து யாராவது "கோன் ஹை? யாரது?" என்று அதட்டினால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்வார்.

செங்கல் சுவரின்மேல் பலகைக் கனத்துக்குக் கல்லை ஒட்டி, வீடே கல்லால் எழும்பியதுபோலக் காட்டுவது இப்போது எங்கள் பக்கத்து மோஸ்தர். மாட்டுங்காவில் இருபது வருஷம் ஒண்டுக்குடித்தனம் இருந்துவிட்டுச் சொந்த வீடு கட்டுகிறவனை அந்த மோகம் சும்மா விடுமா? அறுபத்து நாலு மே மாதம், தாராவியிலிருந்து தளவாயை அழைத்துவந்தேன். திருநெல்வேலிச் சீமைக்காரர். ஐம்பதைத் தொடும் வயது, சிமெண்டு தின்ற விரல்நுனிகள்.

கல் டிப்போவில் நான் பளபளப்பான கறுப்பைக் காட்டினேன். அவர் என்னை மதிக்கவே இல்லை. "வீட்டம்மாவக் கூப்பிடுங்க சாமி. நீங்க காலையில போயி இருட்டுனப்பொறவு வாறிய. அவியதான் நாள்பூரா பாக்கப் போறாவ" என்றார். என் மனைவி மீனாட்சி ஒரு மங்கல் மஞ்சளைத் தொட்டாள். அதை ஈரத்துணியால் துடைத்து, மழையில் எப்படி இருக்கும் என்று காட்டிய பிறகுதான் வண்டியில் ஏற்றச் சொன்னார்.

அதற்குமேல் மூன்று நாள் ஒரு கல்லும் சுவர் ஏறவில்லை. முற்றத்தில் சுவரைப் படுக்க வைத்தார். எந்தக் கல்லுக்கு எது பக்கத்தில் என்று தரையிலேயே அடுக்கி, சாக்கட்டியால் எண் போட்டு, எங்களை மொட்டை மாடிக்கு ஏற்றிப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு கல்லையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இதுக்கு மொகம் எதுன்னு தெரியணும்லா?" எனக்குப் பொறுமை போய்விட்டது. சீக்கிரம் ஏற்று ஐயா என்று நான்தான் விரட்டினேன்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. இந்த மே கடைசியில், கூப்பிடாமலே வந்து நின்றார். எங்கள் சுவரையும் தட்டிப் பார்த்திருக்கிறார்.

"வாசலண்ட மேக்குப் பக்கம், இடுப்புக்கு மேல பூராத்தையும் எடுத்துரணும் சாமி. பொக்கு விட்டிருக்கு, தட்டுனா வெத்துச் சத்தம் கேக்கு. மழைத்தண்ணி உள்ள எறங்குச்சுன்னா கல்லு நிக்காது."

"ரெண்டே வருஷத்துலயா? என்னய்யா வேலை செஞ்சே?" என்று கத்தினேன். அவர் ஒளிக்கவில்லை.

கல் வைக்கும்முன் செங்கலை ஊற ஊற நனைக்க வேண்டுமாம். காய்ந்த செங்கல் சாந்தின் ஈரத்தைக் குடித்துவிடும். அப்புறம் கல்லைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. அந்த இடத்துக்கு எட்டு வாளி வேண்டும். எங்கள் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. தாராளமாக எடுத்துக்கொள் என்று நானே சொல்லியிருந்தேன்.

"இருந்துச்சு சாமி. அன்னைக்கு எங்க சால்ல, அந்த லைன் வீடு பூராவுக்கும், ரெண்டு நாளாத் தண்ணி கெடையாது. எம்பிள்ளைக்கு அம்மை. ராத்திரி பூரா தண்ணி தண்ணின்னு கெடந்தா. அவ ஆத்தா கொடத்தத் தூக்கிட்டு சயான் வரைக்கும் போயி வெறுங்கொடத்தோட வந்தா. அதப் பாத்துட்டு இங்க வாறேன். நல்ல தண்ணிய மொண்டு சொவத்துல ஊத்தணும். ரெண்டு வாளி ஊத்துனேன். மூணாவதுக்குக் கை வரல."

"கேட்டிருந்தா ஒரு குடம் தந்திருக்க மாட்டேனா?" என்றாள் மீனாட்சி.

"தந்திருப்பிய. பஸ்ஸுல ஏத்த விடுவானாம்மா?"

"கொழந்தை?"

"தேறிட்டா. சொவருதான் தேறல."

கூலி வேண்டாம், மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. நான் மறுத்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பெண்ணைப் பார்க்க வருகிறார்கள். வாசலில் உரித்த கோழி மாதிரி சுவர் நிற்க வேண்டுமா? மழை முடியட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை வாசலில் பேச்சுச் சத்தம். டிராம்பே அணுசக்தி ஆபீஸ் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் தெருவை ஒட்டிய எங்கள் மேற்குச் சுவரோர நிழலில்தான் ஒதுங்குவார்கள். தளவாய் நடுவே நின்று கையை விரித்து அவர்களை விலக்கிக்கொண்டிருந்தார். "ஹட்டோ சாப், ஹட்டோ. தள்ளி நில்லுங்க. கச்சா தீவார், உறுதியில்லாத சொவரு. நான் ஒட்டுனதுதான், சரியில்ல." அந்தக் கூட்டத்தில் ஒருவர் தன் புது வீட்டுக்குக் கல் ஒட்ட இவரைத்தான் பேசியிருந்தார். கேட்டுக்கொண்டே பஸ் ஏறினார். மறுநாளே வேறு ஆளைப் பிடித்துவிட்டார். தளவாய்க்கு அது தெரியும். தெரிந்தும் அடுத்த நாள் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். பஸ் போகும்வரை காவல், பிறகு வேலை தேடி நடை.

சனிக்கிழமை மீனாட்சி காபியைக் கொண்டுவந்து என் எதிரில் வைத்தாள். "நம்மாத்துச் சுவருக்கு அவர் வெயில்ல காவல் நிக்கறார். நாம உள்ள உக்காந்து காபி குடிக்கறோம். போறும்ணா." எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்துபோய், எடுத்துவிடும் என்று சொன்னேன்.

உளியை வைத்ததும் மூன்றாவது கல் அப்படியே கையோடு வந்தது. அதன் முதுகில் சாந்து துளிகூட இல்லை. அது இருந்த இடம் ஒரு மனிதனின் தலைக்கு நேர் உயரம். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் உள்ளே வந்துவிட்டேன். ஞாயிறன்று பிள்ளை வீட்டார் கல் குவியலைத் தாண்டித்தான் வந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை சுவரை நனைத்தார். தொட்டியிலிருந்து வாளி வாளியாக மொண்டுவந்தார். ஒரு சொட்டுக் குறைக்கவில்லை. மீனாட்சியும் நானும் ஜன்னலில் நின்று எட்டு வாளியையும் எண்ணினோம். ஒவ்வொரு வாளியையும் ஓங்கி வீசியவர், தண்ணீர் செங்கலில் படும் முன்பே முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.