நளீரின் குரலுக்கு ஓர் இடம்

ரிப்கா அன்று செய்தது சின்னக் காரியம்தான். கடையில் நின்ற மற்றவர்களுக்கு அது தெரியாது. கணவரைத் தேடி வந்திருந்த நபீஸாவுக்கு மட்டும் பிறகு தெரிய வந்தது.

ஏறாவூர்ச் சந்தைத் தெருவில் ரிப்காவின் அண்ணன், அவள் காக்கா என்றழைக்கும் பாஹிம், நடத்திய கம்ப்யூட்டர் கடை அது. வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போய்த் தொடர்பற்றுப் போனவர்களைத் தேடும் சங்கம் ஒன்றுக்கு ரிப்கா ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்திருந்தாள். தேடப்படுபவரின் படத்தை அதில் ஏற்ற வேண்டும். நபீஸா தன் போனில் ஒன்றைத் தெரிவு செய்தார். பிழை என்று சிவப்பு எழுத்து வந்தது. மறுபடியும் அதையே தெரிவு செய்தார். மறுபடியும் சிவப்பு.

பின்னால் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்தார். "படம் கேட்டா சத்தத்தக் குடுக்கிறாவே! என்ன ராத்தா, கம்ப்யூட்டருக்குக் காதா இரிக்கி?"

எல்லோரும் சிரித்தார்கள். நபீஸா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். ரிப்கா எழுந்து வந்து, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "இது என்ட பிழை மாமி. இந்தப் பக்கத்த நான் ஒழுங்காச் செய்யல்ல. நீங்க இரிங்க."

பக்கத்தில் ஒரு பிழையும் இல்லை. கோப்பைத் தெரிவு செய்த உடனேயே, அது போனை விட்டுப் புறப்படும் முன்பே, படமா வேறொன்றா என்று பார்த்துச் சொல்லும்படி ரிப்காதான் எழுதி வைத்திருந்தாள். வாகரைப் பக்கத்துப் பெண்கள் பெரிய வீடியோ ஒன்றைத் தவறுதலாக ஏற்றி, டேட்டா எல்லாம் தீர்ந்த பிறகு 'ஏற்க முடியாது' என்ற பதிலைப் பார்த்து அழுதிருக்கிறார்கள். தோணியில் அக்கரைக்குப் போன பிறகு திருப்பி அனுப்பாமல், ஏறும் துறையிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது அவள் எண்ணம்.

கூட்டம் கலைந்த பிறகு ரிப்கா பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"மாமி, மாமாட படம் இல்லையா?"

"இரிக்கி புள்ள. பாஸ்போட்டுக்குப் புடிச்ச படம். அப்ப தாடியுமில்ல, நரையுமில்ல. அதப் பாத்து ஆருக்குத் தெரியும்? இதக் கேட்டா ஒரு மனிசனுக்காவது தெரியும்."

நபீஸாவின் கணவர் நளீர் வாவிக்கரையிலுள்ள சின்னப் பள்ளிவாசலான தக்கியாவில், தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லி வந்தவர். அந்தக் குரல் தண்ணீரைத் தாண்டி அக்கரை வயல் வரைக்கும் போகும் என்பார்கள். பாலைவனத்துத் தோட்டம் ஒன்றுக்கு வேலைக்குப் போன பிறகு, நாள்தோறும் போனில் குரல்பதிவு அனுப்புவார். கடைசியாக வந்ததைத்தான் நபீஸா ஏற்றப் பார்த்தார். ரிப்கா அதைக் காதில் வைத்துக் கேட்டாள்.

"நபீஸா, சுபஹு தொழுதிட்டயா? நான் சாப்பிட்டிட்டு எடுக்கிறன்."

அதன் பிறகு அழைப்பு வரவில்லை. நபீஸா விடியலில் எழுந்து இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பார். அவித்து முடித்த பிறகு, ஆவியடித்த கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்பார். சாப்பாட்டில் இருக்கிறார், இன்னும் முடியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். படைத்த ரப்பு மனம் வைத்தால் எழுந்து கை கழுவுவார்.

ரிப்கா பக்கத்தைத் திருத்தினாள். படம் ஏற்றும் இடத்துக்குக் கீழே குரலுக்கும் ஓர் இடம் வைத்தாள். சிவப்பு எழுத்தையும் எடுத்துவிட்டாள். தவறானதைத் தெரிவு செய்தால் 'இது படம் இல்லை, அவசரமில்லை, ஆறுதலாகப் பாருங்கள்' என்று வந்தது. சங்கத் தலைவர் மீராசாஹிப் அதைப் பார்த்துவிட்டுக் கடைக்கே வந்தார்.

"என்ன புள்ள இது? ஆளத் தேடுறமா, பாட்டுக் கச்சேரி வெக்கிறமா?"

"வேணாமெண்டா எடுத்திர்றன் ஹாஜியார். ஒருக்காக் கேட்டிட்டுச் சொல்லுங்க."

அவர் கேட்டார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "கெடக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சங்கத்தார் அந்தக் குரலை நளீர் வேலைக்குப் போன நாட்டிலுள்ள தொழிலாளர் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். பதில் வருமுன் ரிப்காவுக்கு நிக்காஹ் முடிந்தது. கணவனோடு கனடாவுக்குப் போய்விட்டாள். இப்போது கடையில் பாஹிம் மட்டும் இருக்கிறான். நல்ல பிள்ளைதான். ஆனாலும் நபீஸா அந்தத் தெருவால் போகும்போது, கண்ணாடிக்கு அப்பால் ரிப்கா உட்கார்ந்திருந்து இப்போது வெறுமையாகக் கிடக்கும் கதிரையைப் பார்க்காமல் கடந்ததில்லை.

போன நோன்புக்கு முன், மீராசாஹிப் தானே வீடு தேடி வந்தார். வாசலில் நின்றபடியே மூச்சு வாங்கினார்.

"நபீஸா, ஆள் ஹயாத்தோட இரிக்கார், உசிரோட இரிக்கார்! ஓட்டமாவடிப் பொடியன் ஒருத்தன் சத்தத்தக் கேட்டிட்டுச் சொல்லியிருக்கான், இவர் எங்கட சுபஹு காக்கா, விடிய எல்லாரையும் எழுப்புற ஆள் எண்டு. படத்தக் காட்டினதுக்கு ஆரோ எண்டிருக்கான்."

போனும் பாஸ்போட்டும் களவு போய், வேறு தோட்டத்தில் மறைந்து வேலை செய்து, வெறுங்கையோடு எப்படிப் பேசுவது என்ற வெட்கத்தில் இருந்திருக்கிறார் மனுசன். பயணக் கடதாசி சரிவந்தால் ஊருக்கு அனுப்புவார்கள். எப்போது என்று யாரும் சொல்லவில்லை. மீராசாஹிப் ஒரு புதிய குரல்பதிவைக் கொண்டு வந்திருந்தார். அதில் முதலில் இருமல். பிறகு, நெடுநேரம் கழித்து:

"நபீஸா... சாப்பிட்டிட்டன்."

நபீஸா அதை ரிப்காவுக்கு இன்னும் அனுப்பவில்லை. கேட்டு முடிந்த பாடில்லை. பழைய பதிவை ஒருமுறை, புதியதை ஒருமுறை என்று வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ரிப்கா கோபிக்க மாட்டாள். கனடாவுக்குப் போன அன்று, கொழும்பு பஸ் புறப்படும்போது, யன்னலால் கையை நீட்டி நபீஸாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது இதுதான்:

"சத்தம் வரும் மாமி, இன்ஷா அல்லாஹ். வந்தா எனக்கு அனுப்ப அவசரப்படாதீங்க. ஆசை தீர முதல்ல நீங்க கேளுங்க. பொறகு மனமிருந்தா, எனக்கும் ஒருக்கா."