தாயம் எந்தத் தட்டில்?

எங்கள் குடியிருப்பு நூலகத்து விளையாட்டுப் பெட்டிகளை ‘புத்தி’, ‘அதிர்ஷ்டம்’ என்று இரண்டு தட்டுகளில் பிரித்து அடுக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார் செயலாளர். சதுரங்கம் புத்தி, பரமபதம் அதிர்ஷ்டம், சரி. தாயம்? எரிச்சலோடு அந்தப் பெட்டியைத் திறந்தால், ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த புளியங்கொட்டைகள், அதே பழைய புளிப்பு வாசனை.

கிருஷ்ணகிரியில் அம்மா புளியில் கொட்டை எடுக்கும் வேலைக்குப் போன மண்டி இன்று இல்லை. ஐம்பதுகளில், சாப்பாட்டு வேளையில், பிசுபிசுத்த விரல்களோடு பெண்கள் தரையில் கரியால் கட்டம் போட்டுத் தாயம் உருட்டுவதை அம்மாவின் முதுகில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒருநாள் மேஸ்திரி வந்து கட்டத்தைக் காலால் அழித்தார்.

“அதிர்ஷ்ட ஆட்டமெல்லாம் சூதாட்டம். இங்க ஆடக்கூடாது.”

“கொட்டை விழறதுதாங்க அதிர்ஷ்டம். எந்தக் காயை நகத்தறதுன்றது புத்திதானுங்களே?” என்றாள் அம்மா. “ஒரு ஆட்டம் நீங்களே ஆடிப் பாருங்க, மேஸ்திரி.”

ஆடினார். ஜெயித்தார். “இது புத்தி ஆட்டந்தான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் யாரும் தடுக்கவில்லை.

அவருடைய கடைசிக் காயை வெட்ட மூன்று முறை வாய்த்தும் வெட்டாமல் விட்டாளே அம்மா, அதை எந்தத் தட்டில் வைப்பதாம்? செயலாளரே வந்து அடுக்கிக்கொள்ளட்டும்.